முகூர்த்தமில்லாத ஞாயிறுகள்

செந்தமிழன் நாலு ஐம்பதுக்கு எழுந்தான். அலாரம் ஐந்துக்கு. அது அடிப்பதற்குள் அணைத்தான். பல் துலக்கினான். பாலில்லாத டீ போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும் வரை நேற்றைய துணிகளை மடித்தான். சட்டை மூன்று, கைலி ஒன்று, துண்டு ஒன்று. ஐந்தரைக்கு வண்டியை எடுத்தான்.

மணமேல்குடியிலிருந்து இறால் பண்ணைக்கு ஏழு கிலோமீட்டர். பண்ணையில் எட்டுக் குளங்கள். விலங்கியலில் முதுகலை படித்த அவனுக்கு அங்கே தண்ணீரைப் பார்க்கிற வேலை. குளம் குளமாக மீட்டரை இறக்கி ஆக்ஸிஜன் அளவைக் குறித்துக்கொண்டான். உப்பு பார்த்தான். தீவனம் வைத்து இறக்கியிருந்த வலைத்தட்டைத் தூக்கி, மிச்சம் கிடக்கிறதா என்று பார்த்தான். மிச்சம் கிடந்தால் இறாலுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கிடக்கவில்லை. ஓர் இறாலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முதுகில் ஓடும் குடல் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டான். முதலாளி சோலையப்பனுக்கு வாட்ஸப்பில் எட்டு எண்களை அனுப்பினான். மூன்றாம் குளத்தில் மட்டும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஒன்றைக் கூடுதலாக ஓட்டலாம் என்று எழுதினான். சோலையப்பன் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

எட்டு மணிக்குக் குளித்துவிட்டு அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினான். அன்று ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில் போக்கர் லீக்கின் இறுதி ஆட்டம்.

அறந்தாங்கியில் பஸ் மாறி உட்கார்ந்ததும் மாமனார் இன்னாசி போனில் வந்தார். இறந்துபோன அவன் மனைவி ஷர்லிக்கு வருடத் திருப்பலி இன்னும் பத்து நாளில். நினைவு அட்டை மறுநாள் அச்சுக்குப் போகிறது; புரூஃப் வந்துவிட்டது; இன்று சாயந்தரம் அரிமளத்துக்கு வந்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டால் நல்லது என்றார். குறிப்பாகப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

“பின்பக்கம் நீங்க சொன்னதுதான் மாப்ள. ஒரு எழுத்து மாறக்கூடாது பாருங்க. நீங்க மட்டும்தான கூட இருந்தது.”

வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தான்.

அவர்கள் கிறிஸ்தவக் கோயில் பங்கில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. முதல் வருட அட்டையின் முன்பக்கம் படமும் தேதிகளும் ஒரு வேத வசனமும். பின்பக்கம் கட்டம் போட்டு, இறந்தவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை. பிரசங்கத்தில் சாமியார் அதை வாசிப்பார். திருப்பலி முடிந்ததும் அட்டை ஒவ்வொரு வீட்டு பைபிளுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். பிறகு அதை யாரும் மாற்ற முடியாது.

ஷர்லியின் கட்டத்துக்குள் இருந்த வாக்கியம் இது: ‘பிள்ளையை எங்க அம்மாகிட்ட விடுங்க. அவங்க நல்லாப் பார்த்துக்குவாங்க.’

ஷர்லி அப்படிச் சொல்லவில்லை. சொன்னது செந்தமிழன்தான்.

போன வருடம் மழைக்காலத்தில், டெங்குவில், இருபத்தெட்டு வயதில் அவள் இறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் ஆரோக்கியம்மாள் அவன் முன்னால் வந்து நின்று, ஏதாவது பேசினாளா என்று கேட்டாள். அவன் இடுப்பில் இரண்டு வயது பிளெஸ்ஸி தூங்கிக்கொண்டிருந்தாள். கை மரத்துப்போயிருந்தது. அந்தப் பாரத்தை யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது. வாயைத் திறந்தான். ஆம்புலன்ஸில் வரும்போது சொன்னதாக அந்த வாக்கியம் முழுதாக வந்து விழுந்தது. ஆரோக்கியம்மாள் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு ஞாயிறு அரிமளம் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தான். முதல் எட்டு மாதம் அது அவனுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். பிஸ்கட் வாங்கிப் போவான். ஒரு மணி நேரம் இருப்பான். ஆடி மாதத்தில் ஒருநாள் உள்ளே நுழையும்போது பிளெஸ்ஸி நிமிர்ந்து பார்த்து, “வாங்க” என்றாள். தாத்தாவை வா, போ என்பாள். அம்மாச்சியை வாடி என்றுகூடச் சொல்வாள். அவனை மட்டும் ‘வாங்க’. வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்த சொல் அது. கொஞ்ச நேரம் கழித்து, “எப்பப் போவீங்க?” என்று மரியாதையாகக் கேட்டாள்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அவனுக்குப் பிள்ளை வேண்டும் என்று தோன்றியது. ஒரு வருடத்தில் அவனுக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே விஷயம். பக்கத்து வீட்டு அடைக்கலமேரியிடம் பேசினான். அவளுக்கும் அதே வயதில் ஒரு பிள்ளை. காலையில் நீ பண்ணைக்குப் போய்விட்டு வரும் வரை நான் பார்த்துக்கொள்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்றாள். ஜூனில் பள்ளிக்கூடம். எல்லாம் சரி. ஆனால் மாமியாரிடம் எப்படிக் கேட்பது? செத்துப்போனவள் சொன்ன வார்த்தை குறுக்கே நின்றது. நிற்க வைத்தவன் அவனே. அட்டை அச்சாகிவிட்டால் அது நிரந்தரமாக நின்றுவிடும்.

பஸ் திருவரங்குளத்தைத் தாண்டும்போது மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்தான். இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் இன்றைக்கே கேட்பது. தோற்றால், புரூஃப் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிப்பது. சீட்டாடுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. தன்னால் முடிவெடுக்க முடியாததைச் சீட்டின் தலையில் கட்டிவிடுவார்கள்.

போக்கர் அவனுக்குத் திருச்சியில் ஹாஸ்டலில் பழக்கமானது. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. நல்ல சீட்டு இல்லாதவன் இருப்பதுபோல் ஆடலாம். எதிராளி நம்பி விலகிவிட்டால் கடைசி வரை சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு போனில் சின்னச் சின்ன டோர்னமென்ட் ஆடினான். அறுநூறு பேர் ஆடிய ஒன்றில் இரண்டாவதாக வந்ததுதான் பெரிய சாதனை. ஷர்லிக்கு ஆட்டம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

அவள் போன பிறகு அந்த ஆப்பை நீக்கிவிட்டான். பண்ணைக்கு ஏரேட்டர் மோட்டார் வாங்கப் போன இடத்தில்தான் சிவபிரகாஷ் பழக்கம். புதுக்கோட்டையில் மோட்டார் கடை. அதோடு அப்பா கட்டிய சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றும் அவனுக்கு இருந்தது. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் மண்டபம் சும்மா கிடக்கும். அந்த நாட்களில் சாப்பாட்டுக் கூடத்தில் போக்கர் லீக் நடத்தினான். அதனால் லீக்கின் காலண்டர் பஞ்சாங்கத்தில்தான் இருந்தது. ஆடியில் எல்லா ஞாயிறும் ஆட்டம். ஆவணி பிறந்தால் கல்யாணக்காரர்கள் வந்து துரத்திவிடுவார்கள். பணம் கிடையாது. சாப்பாட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதோடு சரி. பந்தி மேசையில் பேப்பர் ரோலை விரித்து, அதன்மேல் சீட்டும், காசுக்குப் பதில் பிளாஸ்டிக் சிப்ஸும். முதலில் வெளியேறுகிறவர் அடுக்களைக்குப் போய் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். இரண்டாவது ஆள் தயிர்ப்பச்சடி. அப்படியே வரிசையாக. ஜெயித்தவர் முதல் பந்தியில் தனியாக உட்கார, மற்றவர்கள் பரிமாற வேண்டும்.

செந்தமிழன் முதல் ஞாயிறு அன்று பன்னிரண்டு நிமிடத்தில் வெளியேறினான். நான்கு கிலோ வெங்காயம் உரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் கொட்டியது, அதுவும் வெங்காயத்தால். அடுத்த வாரம் நான்காவது. அதற்கடுத்த வாரம் ஜெயித்தான். தனியாகப் பந்தியில் உட்கார்ந்தபோது சாப்பாடு இறங்கவில்லை. பிறகு இரண்டு முறை கடைசியில் வந்தான். ஒருமுறை இரண்டு ஏஸ் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாலு வைத்திருந்தவரிடம் கடைசிச் சீட்டில் தோற்றான். ஒருமுறை குப்பைச் சீட்டோடு ஏமாற்றி ஏமாற்றியே இரண்டாவது இடம் வரை போனான். புரட்டாசியில் தொடர்ந்து மூன்று வாரம் வெங்காயம். ஒன்றுக்கும் சந்தோஷப்படவில்லை, ஒன்றுக்கும் வருத்தப்படவில்லை. யாரும் அவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்காத இடம் அது ஒன்றுதான். முகத்தில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கே மரியாதை இருந்தது.

புள்ளிப் பட்டியலில் முதல் ஒன்பது பேர் இறுதி ஆட்டத்துக்கு. அவன் ஏழாவது.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். வாசலில் சிவபிரகாஷ் நின்றிருந்தான்.

“வாய்யா தமிழு. ஒனக்குன்னு நாட்டு வெங்காயமா வாங்கி வச்சிருக்கேன். பொடிசு. உரிக்க நாளாகும்.”

“நீ மொதல்ல கத்திய தேடி எடுத்து வை. ஒனக்குத்தான் வேணும்” என்றான் செந்தமிழன்.

பதினொன்றுக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் எல்லாம் இறங்குமுகம். கையில் இரண்டு ராஜா வந்தது. மொபைல் கடை வைத்திருக்கும் சார்லஸ் என்பவன், ஒன்றுக்கும் உதவாத ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு கடைசி வரை வந்து இரண்டு ஜோடி சேர்த்துவிட்டான். செந்தமிழனின் சிப்ஸில் பாதிக்கு மேல் போனது. சிப்ஸை அள்ளியபடி சார்லஸ், ஏழும் ரெண்டும் தன் கல்யாணத் தேதி, அதை எப்படிக் கீழே வைப்பது என்றான். உன் கல்யாணத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அந்தத் தேதியால் உனக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று சிவபிரகாஷ் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

செந்தமிழன் காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்குக் கைவந்தது. நாற்பது நிமிடம் வந்த சீட்டையெல்லாம் கீழே வைத்தான். வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருக்கும் திலகவதி மட்டும் அவ்வப்போது அவனைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண். புள்ளிப் பட்டியலில் முதல் இடம். ஆடும்போது பேச மாட்டார்.

ஒன்றரை மணிக்கு மேல் சீட்டு திரும்பியது. இரண்டு ராணியை வைத்து இருந்ததை இரட்டிப்பாக்கினான். அடுத்த சுற்றில் சார்லஸையே வெளியே அனுப்பினான். அவன் நாலாவது; இலை போட வேண்டும். மூன்றாவதாகப் போன சிவபிரகாஷ், என் மண்டபத்தில் நானே தண்ணீர் வைக்கணுமா என்று முனகிக்கொண்டே எழுந்தான். மேசையில் மிஞ்சியது செந்தமிழனும் திலகவதியும். அடுக்களையிலிருந்து பிரியாணி வாசனை. பார்க்கிறவர்கள் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டார்கள். செந்தமிழனுக்குத் தன் இதயம் அடிப்பது கேட்டது. இதற்கு முன் எந்த ஞாயிறும் கேட்டதில்லை. ஜெயித்தால் பிள்ளையைக் கேட்க வேண்டும். அது மட்டும்தான் மனதில் ஓடியது.

கடைசி ஆட்டம். அவன் கையில் ஸ்பேட் ஒன்பதும் எட்டும். மேசையில் மூன்று சீட்டு விழுந்தது: ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஏழு, ஆர்ட்டின் மூன்று. அவனிடம் ஒன்றும் இல்லை. பந்தயம் வைத்தான். திலகவதி சரிக்குச் சரி வைத்தார். நான்காவது சீட்டு ஆர்ட்டின் ஜாக்கி. மேசையில் மூன்று ஆர்ட்டின். கையில் இரண்டு ஆர்ட்டின் இருப்பவனுக்கு ஐந்தும் ஒரே வகையாகிவிடும்; ஏறக்குறைய ஜெயித்த மாதிரிதான். அப்படி இருப்பவன் எப்படி ஆடுவானோ அப்படி, பெரிதாக வைத்தான். திலகவதி யோசித்துவிட்டு அதையும் வைத்தார். ஐந்தாவது சீட்டு, யாருக்கும் உதவாத ஒரு ரெண்டு. செந்தமிழன் மூச்சை அதே அளவில் விட்டான். மூன்று எண்ணினான். மிச்சமிருந்த எல்லாச் சிப்ஸையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான்.

திலகவதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சிப்ஸைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு தன்னுடையதைத் தள்ளிவிட்டுச் சீட்டைத் திருப்பினார். டைமண்ட் ஏழும் ஆறும். வெறும் ஏழு ஜோடி. அது போதுமானதாக இருந்தது.

தண்ணீர் ஜக்கோடு நின்ற சிவபிரகாஷ், இந்தச் சீட்டை வைத்து எப்படி அக்கா வந்தீர்கள் என்று கேட்டான்.

“தம்பிகிட்ட நெஜமாவே ஆர்ட்டின் இருந்திருந்தா எங்கயாச்சும் ஒரு எடத்துல தடுமாறியிருப்பாரு” என்றார் திலகவதி. “கூட வைக்கலாமா, கொறச்சு வைக்கலாமான்னு. இவரு எழுதி வச்சு வாசிச்ச மாதிரி ஆடுனாரு. நெஜம் அப்புடி வராது.”

செந்தமிழன் எழுந்து கைகொடுத்தான். இரண்டாவதாக வந்தவன் சோறு போட வேண்டும். போட்டான். திலகவதி, நீங்களும் உட்காருங்க தம்பி, ஆறிரும் என்று இரண்டு தடவை சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அரிமளம் வீட்டில் இன்னாசி இல்லை. கோயிலில் பங்குப் பேரவைக் கூட்டம். பிளெஸ்ஸி கூடத்தில் குப்புறப் படுத்து, பழைய காலண்டர் தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, “வாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிறுக்கினாள். ஆரோக்கியம்மாள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்று பொய் சொன்னான். அவள் உள்ளே போய்ப் புரூஃபையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முன்பக்கம் படித்தான். பெயர் சரி. தேதிகள் சரி. ஷர்லி கல்லூரியில் எடுத்த படம். அவனுக்குத் தெரியாத காலத்து முகம். திருப்பினான். கட்டத்துக்குள் அந்த இரண்டு வாக்கியம். சாய்வெழுத்தில் போட்டிருந்தார்கள். அச்சில் பார்க்கும்போது யாரோ உண்மையில் சொன்னதுபோலவே இருந்தது.

தோற்றாயிற்று. தோற்றால் என்ன செய்வது என்று முடிவு செய்திருந்தானோ அதைச் செய்தான்.

“சரியாத்தான் இருக்கு அத்த.”

காகிதத்தை நீட்டினான். ஆரோக்கியம்மாள் வாங்கவில்லை.

“நான் முப்பத்தோரு வருசம் நர்ஸா இருந்தவ மாப்ள” என்றாள். கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் ஊசி போட்டவள். குரலை உயர்த்தாமல்தான் பேசுவாள். “அன்னைக்கி ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட்ட வாங்கிப் பாத்தேன். கொண்டாந்தப்ப பிரஷர் எவ்வளவுன்னு எழுதியிருந்துச்சு. அந்தப் பிரஷர்ல இருக்கவ வாயத் தொறந்து பேச மாட்டா.”

செந்தமிழன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

“அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“எனக்குப் பிள்ள வேணுமா இருந்துச்சு. நீங்க குடுத்தீங்க. வாங்கிக்கிட்டேன்.” கொஞ்ச நேரம் பிளெஸ்ஸியின் பக்கம் பார்த்திருந்தாள். “வீட்டுக்குள்ள இருந்த வரைக்கும் சரி. இப்ப சாமியாரு பீடத்துல நின்னு வாசிக்கப்போறாரு. எம்மக சொல்லாதத அவ சொன்னதா நான் முன்னாடி பெஞ்சுல ஒக்காந்து கேக்கணும்.”

செந்தமிழன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. வந்தது முன்னும் பின்னுமாக வந்தது. அடைக்கலமேரி பார்த்துக்கொள்வாள் என்றான். ஜூனில் பள்ளிக்கூடம் என்றான். வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது என்றான். எதற்கு அதைச் சொன்னோம் என்று தெரியாமல் நிறுத்தினான். பிறகு, “பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன் அத்த” என்றான்.

“அது பெறகு. மொதல்ல அவ என்ன சொன்னான்னு சொல்லுங்க. ஏதோ சொல்லியிருக்கா. நீங்க அத மறைக்கத்தான் இதச் சொன்னீங்க.” பேனாவை அவன் கையிலிருந்து எடுத்து, மூடியைப் போட்டாள். “கேட்டுட்டு நான் பிள்ளையக் குடுக்காமயும் போவேன். அதையும் இப்பயே சொல்லிர்றேன்.”

இன்னொரு வாக்கியம் அவனிடம் தயாராக இருந்தது. ஜெபம் சொன்னாள் என்று சொல்லலாம். அம்மா என்று முனகினாள் என்று சொல்லலாம். ஆரோக்கியம்மாள் அதையும் கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொண்டு, நம்பாமல், பிள்ளையையும் கொடுக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. நடந்ததைச் சொன்னான். நாலைந்து நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, இல்லை, அதற்கு முன்னால் இது நடந்தது என்று திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆரோக்கியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்போது மணி என்ன என்றாள். பத்தரை இருக்கும் என்றான். அவள் தலையாட்டினாள். எழுந்து உள்ளே போனாள். கொல்லையில் குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். பேனாவைத் திறந்து, புரூஃபின் பின்பக்கக் கட்டத்தை, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கோடு போட்டு அடித்தாள்.

“வருசத் திருப்பலி முடிஞ்சு கூட்டிட்டுப் போங்க. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம இங்க கொண்டாந்து விடணும்” என்றாள். “ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிறாதீங்க. நான் இன்னும் அதப் பத்தி யோசிக்கவே ஆரம்பிக்கல.”

அட்டை பின்பக்கம் வெள்ளையாக வந்தது. பங்கில் சிலர் அச்சுப்பிழை என்று நினைத்தார்கள். சாமியார் வேத வசனத்தை மட்டும் வாசித்தார். மறுநாள் காலை பிளெஸ்ஸி ஒரு பையோடும் ஒரு பொம்மையோடும் அவனோடு மணமேல்குடிக்கு வந்தாள். பஸ்ஸில் அறந்தாங்கி வரை அழுதாள். பிறகு அவன் மடியில் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினாள்.

அன்று ஆரோக்கியம்மாளிடம் அவன் சொன்னது இதுதான்.

ஷர்லிக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாவது நாள். அன்று மத்தியானமே காய்ச்சல் இறங்கிவிட்டது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்து என்று அவனுக்குத் தெரியாது. சரியாகிவிட்டது என்றே நினைத்தான். மாமியாருக்குப் போன் செய்து இறங்கிவிட்டது என்றுதான் சொன்னான். எதற்கும் நான் காலையில் வருகிறேன், ரத்தம் பார்த்துவிடுவோம் என்று அவள் சொன்னாள். ராத்திரி பிளெஸ்ஸியைத் தூங்க வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் ஒரு டோர்னமென்ட் தொடங்கினான். நானூற்றுப் பன்னிரண்டு பேர். பத்தரைக்கு ஐம்பது பேர்தான் மிச்சம். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், பதினாலாவது ஆளாகத் தோற்று வெளியேறினான். திரும்பி அவளைப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுப்பியிருந்தால் அவள் கை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். அவன் எழுப்பவில்லை. விளக்கை அணைத்தான். நாலரைக்கு அவளைத் தொட்டுப் பார்த்தபோது நினைவில்லை. ஆம்புலன்ஸிலும் கண் திறக்கவில்லை.

பத்தரை மணிக்கு அவள் தண்ணீர் கேட்டாள். எழுந்து உட்கார்ந்து, அரை டம்ளர் குடித்தாள். டம்ளரை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் தோளுக்கு மேலே எட்டி போனைப் பார்த்தாள். மறுபடி படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

“ஜெயிச்சா எழுப்புங்க. தோத்தா எழுப்பாதீங்க, நான் தூங்குறேன்.”